பில்லி ஹாலிடேயின் 'லேடி இன் சாட்டின்' வினைல் மறுபதிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது எந்த ஆல்பம்?

அமெரிக்க ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடே 1958 பிப்ரவரி 19 முதல் 21 வரை நியூயார்க்கில் பாடிப் பதிவு செய்த ஆல்பம். கொலம்பியா நிறுவனம் அதே ஆண்டின் நடுவில் வெளியிட்டது. பாடல்களுக்கு வாத்தியப் பகுதிகளை அமைத்து, இசைக்குழுவை நடத்தியவர் ரே எல்லிஸ். ஹாலிடே உயிரோடு இருக்கும்போது வெளிவந்த கடைசி ஆல்பம் இதுதான். மறு ஆண்டு ஜூலை 17 அன்று, 44 வயதில், அவர் இறந்துபோனார்.

கடந்த அறுபது ஆண்டுகளுக்கு மேலாக இது கடைகளில் எந்நேரமும் ஏதோ ஒரு வடிவத்தில் கிடைத்தே வந்திருக்கிறது. இப்போது வினைல் இசைத்தட்டு மறுபடி விற்பனைக்கு உகந்த பொருளாகிவிட்டதால், ஒரே நேரத்தில் பல மறுபதிப்புகள் சந்தையில் இருக்கின்றன. அவற்றில் எதை வாங்குவது என்ற குழப்பத்தில்தான் பெரும்பாலான கேள்விகள் வருகின்றன.

'ஸ்டாண்டர்ட்' பாடல்கள் என்றால் என்ன? மற்றவர்கள் பாடியதைத் திரும்பப் பாடுவதா?

1920களிலிருந்து 1950கள் வரை நியூயார்க்கின் பிராட்வே நாடகங்களுக்கும் ஹாலிவுட் படங்களுக்கும், தனிப்பாட்டுகளாகவும் எழுதப்பட்டுப் பலரும் பாடிப் பாடி நிலைத்துவிட்ட பாடல்களை அப்படிச் சொல்கிறார்கள். எழுதுபவர் ஒருவர், பாடுபவர் வேறொருவர் என்பதே அன்றைய வழக்கம். ஆகவே 'இது யாருடைய பாட்டு' என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. இந்த முறை பாடியவர் என்ன செய்தார் என்பதே கேள்வி. கர்நாடக இசை கேட்டுப் பழகியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

இந்த ஆல்பத்தின் பன்னிரண்டு பாடல்களும் அப்படிப்பட்டவைதான். 'கிளாட் டு பி அன்ஹாப்பி', ரிச்சர்ட் ராட்ஜர்ஸும் லாரன்ஸ் ஹார்ட்டும் 1936இல் ஒரு மேடை நாடகத்துக்காக எழுதியது. முதல் பாட்டான 'ஐ ஆம் எ ஃபூல் டு வான்ட் யூ'வை எழுதியவர்களில் ஃபிராங்க் சினாட்ராவும் ஒருவர். 1951இல் அவரே பாடியும் இருக்கிறார். 'ஐ கெட் அலாங் வித்தவுட் யூ வெரி வெல்' பாட்டின் கதை தனி. ஒரு பத்திரிகையில் வெறும் முதலெழுத்துகளோடு வந்திருந்த கவிதையை வைத்து ஹோகி கார்மைக்கேல் மெட்டமைத்தார். எழுதியவர் யார் என்று வானொலி வழியாகவெல்லாம் தேடி, கடைசியில் பிலடெல்ஃபியாவில் ஜேன் பிரவுன் தாம்ப்சன் என்ற பெண்மணியைக் கண்டுபிடித்தார்கள். 1939 ஜனவரியில் பாட்டு முதன்முதலாக வானொலியில் ஒலிபரப்பாவதற்கு முந்தின இரவு அவர் காலமானார். நீ இல்லாமலும் நன்றாகவே இருக்கிறேன் என்று சொல்லிச் சொல்லியே அப்படி இல்லை என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும் பாட்டு அது. பில்லி ஹாலிடே அதைப் பாடும்போது அந்த 'நன்றாகவே' என்பதை யாரும் நம்ப மாட்டார்கள்.

குரல் கரகரவென்று, உடைந்து கேட்கிறது. நான் வாங்கிய தட்டில் கோளாறா?

இல்லை. மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது. சிலர் தட்டைத் திருப்பி அனுப்பியதும் உண்டு. குரலே அப்படித்தான்.

1930களில் பியானோ கலைஞர் டெடி வில்சனின் குழுவோடு அவர் பாடிய பதிவுகளை முதலில் கேட்டுவிட்டு இதற்கு வருபவர்கள் திடுக்கிட்டுப்போவார்கள். அந்தக் குரலில் இளமையும் குறும்பும் இருந்தன. இருபது ஆண்டுகளுக்குள் ஹெராயினும் மதுவும் வாழ்க்கையும் சேர்ந்து அதை அரித்துவிட்டன. 1947இல் போதைப்பொருள் வழக்கில் ஓராண்டும் ஒரு நாளும் சிறைத்தண்டனை பெற்று, மேற்கு வர்ஜீனியாவில் ஆல்டர்சன் சிறையில் இருந்தார். வெளியே வந்ததும் 1948 மார்ச்சில் கார்னகி ஹாலில் அரங்கு நிறைந்த கச்சேரி செய்தார். ஆனால் மது விற்கும் விடுதிகளில் பாடுவதற்கு நியூயார்க் நகரம் கட்டாயமாக்கியிருந்த அனுமதி அட்டை அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. கார்னகி ஹாலில் பாடலாம், தெருமுனை ஜாஸ் விடுதியில் பாடக் கூடாது! ஒரு ஜாஸ் பாடகியின் அன்றாடப் பிழைப்பை அவர் வாழ்ந்த நகரத்திலேயே பறிக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை.

1958இல் அவருடைய குரலுக்கு எட்டிய சுர எல்லை மிகச் சிறியது. நீண்ட சுரங்களைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. வரி முடியும் இடங்களில் சத்தம் குறைந்து மூச்சாகிவிடுகிறது. எஞ்சியிருந்தது காலக்கணக்கு. அதில் மட்டும் துளியும் குறை இல்லை. இசைக்குழு ஒரு வரியைத் தொடங்கிய பிறகு, அவசரமே இல்லாமல் தாளத்தில் அரை அடி பின்னால் வருவார். தவறிவிட்டாரோ என்று நாம் நினைக்கும் நேரத்தில் வரியின் கடைசிச் சொல்லில் தாளத்தோடு சேர்ந்துகொள்வார். 'யூவ் சேஞ்ச்ட்' பாட்டில் தலைப்புச் சொல் ஒவ்வொரு முறை வரும்போதும் அது எங்கே விழுகிறது என்று கவனித்துப் பாருங்கள்.

அந்தக் காலத்திலேயே இரண்டு கட்சிகள் இருந்தன. குரல் போய்விட்டது, இதை வெளியிட்டிருக்கவே கூடாது என்றவர்கள் ஒரு பக்கம். மறுபக்கத்தில் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ்: 1937ஐவிட இப்போது அவருக்கு அதிகம் தெரியும், கட்டுப்பாடும் கூடியிருக்கிறது என்ற பொருளில் 1958இல் ஒரு பேட்டியில் சொன்னார். நான் மைல்ஸ் பக்கம்.

ரே எல்லிஸே முதலில் எதிர்க்கட்சியில்தான் இருந்தார். பதிவு நடந்த நாட்களில் அவருக்கு ஏமாற்றம்தான். ஹாலிடேக்குப் பாடல்கள் சரியாகப் பாடமாகவில்லை. பக்கத்தில் ஜின் மது இருந்தது. பிறகு ஒலிக்கலவைக்காக உட்கார்ந்து கேட்டபோதுதான், தான் எதிர்பார்த்த அழகான குரலைத் தேடி, கிடைத்ததைக் கேட்காமல் விட்டது தெரிந்தது என்று பின்னாளில் ஒப்புக்கொண்டிருக்கிறார். 'ஐ ஆம் எ ஃபூல் டு வான்ட் யூ' பதிவைத் திரும்பப் போட்டுக் கேட்டபோது ஹாலிடேயின் கண்களில் நீர் நின்றதையும் அவர்தான் சொன்னார்.

அப்படியானால் இவ்வளவு வயலின்கள் எதற்கு? ஒரு பியானோவும் டிரம்ஸும் போதாதா?

வயலின்கள் ஹாலிடேயே கேட்டு வாங்கியவை. ரே எல்லிஸின் ஓர் ஆர்கெஸ்ட்ரா ஆல்பத்தைக் கேட்டுவிட்டு, எனக்கு இவர்தான் வேண்டும் என்றார். சிறு ஜாஸ் குழுவோடு பாடுவது அவருக்குப் பழகிப்போன ஒன்று. தந்தி வாத்தியங்கள், ஹார்ப், பின்னணிக் குரல்கள் என்று பட்டுத்துணி விரித்ததுபோன்ற இசைக்குழு அவருடைய ஆசை. பின்னணியில் பாடியவர்களில் எலீஸ் பிரெட்டன் என்பவரும் இருந்தார். ஆல்பத்தின் இரண்டாம் பாட்டான 'ஃபார் ஹெவன்ஸ் சேக்'கை எழுதிய மூவரில் அவர் ஒருவர்.

சில இடங்களில் வயலின்கள் தித்திப்பாகவே இருக்கின்றன, மறுக்கவில்லை. பின்னணிக் குரல்கள் இல்லாமலிருந்தால் நான் வருந்தியிருக்க மாட்டேன். ஆனால் அந்த வழவழப்பின்மேல் அந்தச் சொரசொரப்பான குரல் உரசுவதுதான் இந்த ஆல்பம். பியானோ மால் வால்ட்ரன், பாஸ் மில்ட் ஹின்டன், டிராம்போனில் ஜே.ஜே. ஜான்சனும் அர்பி கிரீனும். பட்டுக்கு அடியில் ஜாஸ் ஆட்கள்தான் இருக்கிறார்கள்.

எங்கே பதிவானது?

மன்ஹாட்டன் 30ஆம் தெருவில் கொலம்பியாவின் ஸ்டூடியோவில். அது பழைய தேவாலயம். உயரமான கூரை, மரத்தரை. மறு ஆண்டு மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ'வும் இங்கேதான் பதிவானது. 1981இல் மூடி, கட்டடத்தையும் பிறகு இடித்துவிட்டார்கள். தட்டில் குரலைச் சுற்றிக் கேட்கும் அந்த வெளி அந்த அறையினுடையது. மறுபதிப்பு நன்றாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி: குரல் நின்ற பிறகு அந்த அறை சில கணங்கள் தொடர்ந்து ஒலிக்கிறதா, அல்லது சத்தம் வெட்டியதுபோல் நிற்கிறதா என்று கேளுங்கள். இரைச்சலைத் துடைக்கிறேன் என்று கருவி வைத்துத் தேய்த்த பதிப்புகளில் முதலில் காணாமல்போவது அதுதான்.

என் தட்டில் பதினொரு பாட்டுதான் இருக்கிறது. நண்பரிடம் பன்னிரண்டு. யாரை ஏமாற்றிவிட்டார்கள்?

யாரையும் ஏமாற்றவில்லை; உங்களுடையது ஸ்டீரியோ, அதாவது ஒலி இடம், வலம் என இரண்டாகப் பிரிந்து வருவது. மோனோவில் எல்லாம் ஒரே தடம். 1958இல் ஸ்டீரியோ எல்.பி. (நீண்ட நேரம் ஓடும் இசைத்தட்டு) அப்போதுதான் கடைக்கு வந்துகொண்டிருந்தது. கொலம்பியா இந்த ஆல்பத்தை மோனோவில் சி.எல். 1157 என்ற எண்ணிலும், ஸ்டீரியோவில் சி.எஸ். 8048 என்ற எண்ணிலும் வெளியிட்டது. மோனோவில் பன்னிரண்டு பாடல்கள். ஸ்டீரியோவில் கடைசிப் பாட்டு 'தி எண்ட் ஆஃப் எ லவ் அஃபேர்' இல்லை.

அந்தப் பாட்டை ஹாலிடேயால் இசைக்குழுவோடு சேர்ந்து பாடி முடிக்க முடியவில்லை. முதலில் இசைக்குழுவை மட்டும் பதிவு செய்துகொண்டு, பிறகு அதன்மேல் அவர் குரலைச் சேர்த்தார்கள். அது மோனோ நாடாவில் மட்டுமே நடந்தது. 1997இல் வந்த சி.டி.யில் அந்தப் பாட்டு உருவான விதத்தை ஸ்டூடியோப் பேச்சோடு தனித்தடமாகவே சேர்த்திருந்தார்கள். பின்னாளில் ஒட்டி உருவாக்கிய ஸ்டீரியோ வடிவமும் அதில் உண்டு.

ஆகவே, ஸ்டீரியோ மறுபதிப்பு வாங்குமுன் உறையின் பின்பக்கத்தைப் பாருங்கள். சில பதிப்புகள் பழைய வழக்கப்படி பதினொன்றோடு நிறுத்துகின்றன. சில, கடைசிப் பாட்டை மட்டும் மோனோவில் சேர்க்கின்றன. அதுவே நேர்மையான வழி.

மோனோவா, ஸ்டீரியோவா? ஒன்றைச் சொல்லுங்கள்.

மோனோ. ஸ்டீரியோவில் இசைக்குழு அகலமாக விரிந்து கேட்கிறது, அறையும் நன்றாகத் தெரிகிறது, கேட்க இன்பம்தான். மோனோவில் குரலும் வயலின்களும் ஒரே இடத்திலிருந்து வருவதால் குரல் முன்னால் நிற்கிறது. கேட்பது அவருக்காகத்தானே. பன்னிரண்டாம் பாட்டும் உரிய இடத்தில் இருக்கிறது.

ஒரே ஆல்பத்தை ஏழெட்டு நிறுவனங்கள் எப்படி வெளியிடுகின்றன? விலை ஏன் மூன்று மடங்கு வேறுபடுகிறது?

காப்புரிமைச் சட்டம்தான் காரணம். ஐரோப்பாவில் ஒலிப்பதிவுகளுக்கு முன்பு ஐம்பது ஆண்டுக் காப்புரிமையே இருந்தது. 1958இல் வெளிவந்த பதிவுக்கு அது 2008 முடிவில் தீர்ந்தது. பிறகு காலத்தை எழுபது ஆண்டாக உயர்த்தினார்கள். ஆனால் ஏற்கெனவே காலாவதியானவற்றுக்கு அது உயிர் கொடுக்கவில்லை. 1963க்கு முன் வெளிவந்த பதிவுகள் எல்லாம் அங்கே பொதுச்சொத்து. அதனால் அங்கே யார் வேண்டுமானாலும் இந்தப் பதிவை அச்சிடலாம். மெட்டுக்கும் வரிகளுக்கும் உரியவர்களுக்குத் தனியாகப் பணம் கட்டினால் போதும். அமெரிக்காவில் நிலைமை நேர்மாறு: 2018இல் வந்த சட்டப்படி 1957க்கும் 1972க்கும் இடைப்பட்ட பதிவுகளுக்கு 2067 பிப்ரவரி வரை பாதுகாப்பு. இந்தியச் சட்டத்தில் ஒலிப்பதிவுக்கு அறுபது ஆண்டு; இந்தப் பதிவுக்கு 2018 முடிவோடு போயிற்று.

சட்டப்படி அச்சிடலாம் என்பதால் மூல நாடா கையில் வந்துவிடாது. கொலம்பியாவின் நாடாக்கள் இன்று சோனி மியூசிக்கிடம் இருக்கின்றன. சோனியோ, சோனியிடம் உரிமம் பெற்றவர்களோ வெளியிடும் பதிப்புக்குத்தான் அந்த நாடாவை அணுகும் வாய்ப்பு. மலிவு விலைப் பதிப்புகள் பெரும்பாலும் சி.டி.யிலிருந்தோ கணினிக் கோப்பிலிருந்தோ எடுத்துத் தட்டின் பள்ளமாக வெட்டப்படுகின்றன. உறையில் மூலம் எது என்பதே இருக்காது. அதற்குப் பதில் மூன்று நான்கு 'கூடுதல் பாடல்கள்' இருக்கும். கூடுதல் பாடல் என்றால் ஒரே பக்கத்தில் இன்னும் அதிக நிமிடங்களைத் திணிப்பது. அதற்கு ஒலியின் அளவைக் குறைத்துத்தான் வெட்ட வேண்டும். சும்மா கொடுத்தாலும் அந்தக் கூடுதல் வேண்டாம்.

180 கிராம் என்று பெரிதாகப் போட்டிருக்கிறார்களே?

எடை அதிகம், அவ்வளவுதான். சற்று வளையாமல் இருக்கும், கையில் எடுத்தால் கெத்தாக இருக்கும். பள்ளத்தில் என்ன வெட்டியிருக்கிறது என்பதற்கும் தட்டின் எடைக்கும் தொடர்பில்லை. மோசமான கோப்பிலிருந்து வெட்டிய தட்டு 180 கிராமிலும் மோசமாகவே ஒலிக்கும்.

'முழுக்க அனலாக்' என்பதை நம்பலாமா?

ஒலியைக் கணினி எண்களாக (டிஜிட்டல்) மாற்றாமலே நாடாவிலிருந்து தட்டுக்குக் கொண்டுவருவதுதான் அனலாக். மூல நாடா எது, அதிலிருந்து நேராக வெட்டினார்களா, யார் வெட்டினார் என்று மூன்றையும் உறையில் எழுதியிருந்தால் நம்பலாம். வெறும் முத்திரையை நம்ப வேண்டாம். மொபைல் ஃபிடெலிட்டி என்ற அமெரிக்க நிறுவனத்தின் தட்டுகள் முழு அனலாக் என்றே ரசிகர்கள் பல ஆண்டுகள் எண்ணியிருந்தார்கள். அவற்றில் பலவற்றில் இடையே ஒரு டிஜிட்டல் படி இருந்தது 2022இல் வெளியே வந்து, வழக்கு வரை போனது. அதில் வேடிக்கை என்னவென்றால், அதுவரை அந்தத் தட்டுகளைப் புகழ்ந்து எழுதியவர்களில் எவர் காதுக்கும் அந்தப் படி தெரியவில்லை. டிஜிட்டல் படி இருப்பது பாவமில்லை, மறைப்பதுதான் தவறு.

கடைசிப் பாட்டில் மட்டும் 'ஸ்' ஒலிகள் தெறிக்கின்றன. ஏன்?

பன்னிரண்டு பாட்டு உள்ள தட்டில் முதல் பக்கம் சுமார் இருபது நிமிடம், இரண்டாம் பக்கம் இருபத்து நான்கு. முள் தட்டின் மையத்தை நெருங்க நெருங்க, ஒரு சுற்றில் அது கடக்கும் தூரம் குறைகிறது. கடைசிப் பள்ளத்தில் வேகம் வெளி விளிம்பில் இருந்ததில் பாதிகூட இல்லை. அதே ஒலியை அவ்வளவு சிறிய இடத்தில் நெருக்கி எழுத வேண்டியிருப்பதால் உயர்ந்த ஒலிகள் சிதைகின்றன. நீளமான பக்கத்தின் ஆக உள்ளே இருப்பது 'தி எண்ட் ஆஃப் எ லவ் அஃபேர்'. அடி வாங்குவதும் அதுதான்.

முள்ளைச் சுத்தம் செய்யுங்கள், முள்ளைத் தாங்கும் கார்ட்ரிட்ஜின் கோணத்தைச் சரிபாருங்கள். பாதிக் குறை அதிலேயே தீரும். இரண்டு தட்டுகளாகப் பிரித்து நிமிடத்துக்கு 45 சுழற்சியில் வெட்டிய பதிப்பு எந்த ஆல்பத்துக்கு வந்தாலும் இந்தத் தொல்லை குறையும். ஆனால் மூன்று பாட்டுக்கு ஒருமுறை எழுந்து போய்த் தட்டைத் திருப்ப வேண்டும். இப்படிப்பட்ட ஆல்பத்துக்கு அது எனக்கு ஒத்துவரவில்லை.

மோனோ தட்டை ஸ்டீரியோ முள்ளில் ஓட்டலாமா?

தாராளமாக. ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தான் இருந்தால் அழுத்திவிடுங்கள். தூசியின் சடசடப்பில் ஒரு பகுதி அடங்கிவிடும். மோனோ தட்டில் ஒலி பக்கவாட்டு அசைவில் மட்டுமே இருக்கிறது. மேலும் கீழுமான அசைவில் வருவது இரைச்சல்தான். ஸ்டீரியோ முள் அதையும் சேர்த்துப் படித்துவிடுகிறது.

1958இன் முதல் பதிப்பை எப்படி அடையாளம் காண்பது?

கொலம்பியாவின் அன்றைய லேபிளில் இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் மூன்று என ஆறு சிறு 'கண்' சின்னங்கள் இருக்கும். 'ஆறு கண்' லேபிள் என்றே வணிகர்கள் சொல்வார்கள். லேபிளைச் சுற்றியுள்ள வெற்று வளையத்தில் பொறித்திருக்கும் எண் மோனோவில் எக்ஸ்.எல்.பி. என்று தொடங்கும், ஸ்டீரியோவில் எக்ஸ்.எஸ்.எம். என்று. அதே லேபிளை 1960களின் தொடக்கம் வரை பயன்படுத்தியதால், ஆறு கண் இருந்தாலே முதல் அச்சு என்று விலை சொன்னால் நம்பிவிடாதீர்கள். அமைதியான பாடல்கள் என்பதால் பழைய தட்டின் ஒவ்வொரு கீறலும் இதில் கேட்கும். சேகரிப்பவர் தேடட்டும், கேட்பவருக்கு நல்ல மறுபதிப்பு போதும்.

அமெரிக்காவிலிருந்து பழைய டர்ன்டேபிள் (தட்டைச் சுழற்றும் கருவி) கொண்டுவந்தேன். ஹாலிடே ஆண் குரலில் பாடுகிறார்!

அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இந்தியாவிலும் இலங்கையிலும் 50. மின்சாரத்தின் அலைவெண்ணைப் பார்த்துச் சுழலும் மோட்டார் உள்ள பழைய கருவிகள் இங்கே ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும். நிமிடத்துக்கு 33⅓ சுற்று 28க்கும் கீழே இறங்கி, சுருதி மூன்று அரைச்சுரம் குறைந்துவிடும். டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிப் பயனில்லை. அது வோல்டேஜை மாற்றும், அலைவெண்ணை மாற்றாது. மோட்டார் கப்பியை 50 ஹெர்ட்ஸுக்கு உரியதாக மாற்ற வேண்டும். அடாப்டரில் ஓடும் நேர்மின் மோட்டார் கருவிகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

முதல் முறை கேட்கிறேன். எந்தப் பாட்டில் தொடங்கலாம்?

இரண்டாம் பக்கம், முதல் பாட்டு: 'யூவ் சேஞ்ச்ட்'. பிடித்திருந்தால் தட்டைத் திருப்பி முதலிலிருந்து கேளுங்கள். பிடிக்காவிட்டால் ஆல்பத்தை வைத்துவிட்டு டெடி வில்சன் காலப் பதிவுகளுக்குப் போய்விடுங்கள்.

இதற்குப் பிறகு அவர் பாடியது ஏதாவது உண்டா?

உண்டு. 1959 மார்ச்சில், மறுபடி ரே எல்லிஸோடு, எம்.ஜி.எம். நிறுவனத்துக்காக இன்னொரு ஆல்பம் பாடினார். அது அவர் இறந்த பிறகே வந்தது. வயலின்கள் குறைவு, குரல் இன்னும் மெலிந்தது. அதே மார்ச்சில் அவருக்கு 'லேடி டே' என்று பெயர் வைத்த சாக்ஸபோன் கலைஞர் லெஸ்டர் யங் இறந்தார். ஜூனில் நியூயார்க் மருத்துவமனைப் படுக்கையிலேயே போதைப்பொருள் வைத்திருந்ததாகக் கைதுசெய்யப்பட்ட ஹாலிடேயும், ஜூலையில் அங்கேயே போனார்.

யங்கும் அவரும் ஒன்றாக இருப்பதைப் பார்க்க வேண்டுமானால், 1957 டிசம்பர் 8 அன்று சி.பி.எஸ். தொலைக்காட்சியில் நேரலையாக வந்த 'தி சவுண்ட் ஆஃப் ஜாஸ்' நிகழ்ச்சியில் 'ஃபைன் அண்ட் மெல்லோ' பாட்டைத் தேடுங்கள். யங் எழுந்து சில வரிகள் வாசிக்கிறார். ஹாலிடே அவரையே பார்த்துத் தலையசைத்துக்கொண்டிருக்கிறார். 'லேடி இன் சாட்டின்' பதிவுக்கு இரண்டரை மாதம் முந்தையது அது.